சக்கரத்துக்கும் அச்சுக்கும் நடுவே

பழனி சாலையில் தகரக் கொட்டகை போட்ட ஒரு பட்டறை. அதற்குள் என் மகனின் கார் சக்கரங்கள் இல்லாமல் நின்றுகொண்டிருந்தது.

நின்றுகொண்டிருந்தது என்று சொல்வது சரியில்லை. நான்கு இரும்புத் தாங்கிகளின் மேல் அதைத் தூக்கி வைத்திருந்தார்கள். கழற்றிய சக்கரங்கள் சுவரோரம் சாய்ந்து கிடந்தன. பளபளவென்ற நீலக் கார். வெள்ளிக்கிழமைக் காலை வெயில் தகர இடுக்குகள் வழியே அதன் முதுகில் கோடு கோடாக விழுந்தது. ரப்பர் வாடையும் கிரீஸ் வாடையும், பக்கத்துக் கடையில் வடை வேகும் எண்ணெய் வாடையும் கலந்து வந்தன.

பின்பக்கத் தாங்கி ஒன்று தரையில் முழுதாக உட்காரவில்லை என்று எனக்குப் பட்டது. மூன்று முறை குனிந்து பார்த்தேன்.

“ஐயா, அது மூணு டன் தாங்கும். நீங்க செத்த நேரம் அப்படி உக்காருங்க” என்றார் பட்டறைக்காரர் ரபீக் பாய்.

“மூணு டன்னு அதுல எழுதியிருக்கா பாய்?”

“எழுதியிருந்துச்சு. அழிஞ்சிருச்சு.”

என் மகன் முரளி கைப்பேசியிலிருந்து தலையைத் தூக்காமல், “ஏழு” என்றான்.

எங்கள் வீட்டில் இது ஒரு விளையாட்டு. ஒரு நாளைக்கு நான் எத்தனை முறை பயப்படுகிறேன் என்று எண்ணுவார்கள். தொடங்கி வைத்தவள் மருமகள் கவிதா. சாப்பிட உட்காரும்போது அன்றைய மொத்தம் அறிவிக்கப்படும். வாழ்நாள் முழுக்க எண்ணியே பிழைத்தவனை எண்ணியே பழிவாங்குகிறார்கள்.

இந்தத் தொடரை வாசித்து வருகிறவர்களுக்குத் தெரியும். வேடசந்தூர்ப் பக்கத்து நூற்பாலை ஒன்றின் சோதனை அறையில் என் உத்தியோகக் காலம் கழிந்தது. நூலைக் கறுப்புப் பலகையில் சுற்றி, அதில் எத்தனை முடிச்சு, எத்தனை தடிப்பு, எத்தனை மெலிவு என்று எண்ண வேண்டும். நூலில் குறையைத் தேடியே பார்த்துப் பழகிய கண், வேலையை விட்டு வந்த பிறகும் சும்மா இருப்பதில்லை.

எதற்கு இந்தத் தட்டு

முரளி ஆலைக் கூரைகளில் சூரியத் தகடு பொருத்திக் கொடுக்கும் தொழில் செய்கிறான். தொழில் நன்றாக நடக்கிற தைரியத்தில், கோயம்புத்தூரில் ஒருவர் ஓட்டிக்கொண்டிருந்த வெளிநாட்டுக் காரை வாங்கி வந்தான். நின்ற இடத்திலிருந்து நூறு கிலோமீட்டர் வேகத்தை ஐந்தே நொடியில் எட்டிவிடுமாம். எட்டி என்ன செய்யப் போகிறது என்று கேட்டேன். அதையும் கணக்கில் சேர்த்தார்கள்.

அவ்வளவு வேகமான வண்டிக்குச் சக்கரங்கள் உள்ளே ஒடுங்கி இருப்பதாக அவனுக்கு ஒரு குறை. சக்கரத்துக்கும் அச்சுக்கும் நடுவில் வட்டமான ஒரு தட்டை வைத்தால் சக்கரம் வெளியே தள்ளி வரும். வண்டி காலை அகட்டி நிற்பதுபோல் கம்பீரமாக நிற்கும். ஸ்பேசர் என்கிறார்கள். அலுமினியத்தில் செய்தது. என் சுண்டுவிரல் கனம்.

தட்டு வைத்தால் பழைய போல்ட்டுகள் எட்டாது. நீளமான போல்ட்டுகள் வேண்டும். ஒரு சக்கரத்துக்கு ஐந்து. ஒரு சக்கரத்தை வண்டியோடு பிடித்து வைத்திருப்பது அந்த ஐந்து போல்ட்டுகள் மட்டும்தான் என்பதை அன்றுதான் அறிந்தேன். அறியாமலே இருந்திருக்கலாம்.

ரபீக் பாய் கம்பித் தூரிகையால் அச்சின் முகத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தார். செம்பழுப்பாகத் துரு உதிர்ந்தது.

“இந்த மொகம் கண்ணாடி கணக்கா இருக்கணும்யா. தட்டும் அப்படித்தான், சக்கரமும் அப்படித்தான். நடுவுல ஒரு துரு, ஒரு மணல் மாட்டுச்சுன்னு வைங்க, இன்னைக்கு இறுக்கமாத்தான் இருக்கும். ஓட ஓட அது நொறுங்கி வழி விட்டுரும். அப்புறம் போல்ட்டு தன்னால கழண்டு வரும்.”

“தன்னாலயா?”

“எட்டு” என்றான் முரளி.

முந்திப் போன சக்கரம்

வடமதுரையிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருந்தார். “ஐயா, நீங்கள் பிறவியிலேயே பயந்தவரா, இடையில் வந்ததா?” என்று கேட்டிருந்தார். கிண்டல்தான். ஆனாலும் பதில் சொல்கிறேன். இடையில் வந்தது.

ஆலையில் சேர்ந்த புதிது. காலை முறை வேலைக்கு மில் பேருந்தில் போவோம். ஓட்டுநருக்குப் பின்னால் இரண்டாவது இருக்கை எனக்கு. பனிக்காலம். கண்ணாடி இல்லாத சன்னலை ஒரு சாக்கால் மறைத்திருந்தார்கள். சாக்கில் பருத்திக்கொட்டை வாசம்.

திடீரென்று எங்கள் வலப்பக்கமாக ஒரு சக்கரம் உருண்டு வந்தது. தனியாக, வண்டி இல்லாமல், சாலையின் நடுவே நேராக எங்களை முந்திக்கொண்டு போனது.

“எந்தப் பய வண்டிச் சக்கரமோ, ஓனர் இல்லாமப் போகுது பாருங்கப்பா!” என்று ஓட்டுநர் சொன்னார். பேருந்தே சிரித்தது. நானும் சிரித்தேன். அது போய் ஒரு கடலைக் காட்டுக்குள் இறங்கி, சுற்றிச் சுற்றி வந்து படுத்தது. அதற்குப் பிறகுதான் எங்கள் பேருந்தின் பின்பக்கம் சரிந்தது.

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பின்னால் இரட்டைச் சக்கரம். ஒன்று போனாலும் மற்றது தாங்கியது. பக்கத்துக்கு ஒற்றைச் சக்கரம் உள்ள வண்டியாக இருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற கேள்வி அன்று என் வயிற்றில் புகுந்தது. இன்றுவரை வெளியே போகவில்லை. நாற்பது பேர் சிரித்துக்கொண்டிருந்தோம் என்பதுதான் இன்னும் மோசம்.

வயர் கூடையில் வந்தவை

பட்டறைக்குத் திரும்புகிறேன்.

அச்சுகள் நான்கும் சுத்தமாகிவிட்டன. தட்டுகள் இன்னும் வரவில்லை. அவை பழனிக்குப் போயிருந்தன.

கவிதாவின் அம்மா தங்கமணி, என் சம்பந்தியம்மாள், ஒட்டன்சத்திரத்தில் இருக்கிறார். அவருடைய கணவர் சந்தையிலிருந்து தக்காளியும் முருங்கையும் ஏற்றிச் செல்லும் லாரிகள் வைத்திருந்தார். லாரிக்கு ஒரு டயர் வாங்கினாலும் சரி, ஒரு கண்ணாடி வாங்கினாலும் சரி, முருகன் சன்னிதியில் வைத்து, சந்தனம் குங்குமம் இட்டு, அப்புறம்தான் வண்டியில் ஏற்றுவார்கள். கணவர் காலமான பிறகும் அந்த அம்மாள் அதை விடவில்லை. மாப்பிள்ளை வண்டிக்குப் புதிதாக ஏதோ மாட்டப் போகிறார் என்று தெரிந்ததும், தட்டுகளைக் கேட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

பதினொரு மணி வாக்கில் பழனிப் பேருந்து பட்டறை வாசலிலேயே நின்றது. சம்பந்தியம்மாள் வயர் கூடையோடு இறங்கினார்.

“ஏனுங்க சம்பந்தி, நல்லாருக்கீங்களா? மாப்ள, இந்தாங்க. பாதத்துல வெச்சு எடுத்தாந்துட்டனுங்க.”

வாழை இலைப் பொட்டலத்தைப் பிரித்தார். நான்கு தட்டுகளிலும் ஒரு முகம் முழுக்கத் திருநீற்றுப் பட்டை. ஒவ்வொரு போல்ட்டுத் துளைக்கு அருகிலும் கட்டை விரலால் அழுத்தி வைத்த சந்தனம், அதன் மேல் குங்குமம். கஞ்சத்தனம் இல்லாமல் கெட்டியாக வைத்திருந்தார். பட்டறை முழுக்கக் கோயில் வாசம் வந்தது.

ரபீக் பாய் ஒரு தட்டைக் கையில் வாங்கினார். மறு கையில் துணி இருந்தது. தட்டைப் பார்த்தார். துணியைப் பார்த்தார். சம்பந்தியம்மாள் எதிரே கைகூப்பி நின்றுகொண்டிருந்தார். பாய் துணியைத் தோளில் போட்டுக்கொண்டார்.

“சந்தனம் வச்ச மொகம் வெளிய பாத்து இருக்கட்டும்” என்று சொல்லி அச்சில் பொருத்தினார்.

வெளியே பார்த்த அந்த முகத்தின் மேல்தான் சக்கரம் வந்து உட்காரும்.

“பாய், அதைத் தொடச்சிரலாமே” என்றேன்.

சம்பந்தியம்மாள் கூப்பிய கையை இறக்கினார்.

“ஏனுங்க சம்பந்தி, சாமி சந்தனத்தைத் தொடைக்கறதுங்களா?” என்றார் அவர். கோபமாகக் கேட்கவில்லை. புண்பட்டுக் கேட்டார். அது கோபத்தைவிட மோசம்.

“அப்பா!” என்றான் முரளி. பிறகு எல்லோரையும் சமாதானப்படுத்தும் குரலில், “பதினொண்ணு” என்றான். சம்பந்தியம்மாளும் சிரித்துவிட்டார். பாயும் சிரித்தார். என் பேச்சு அந்தச் சிரிப்போடு முடிந்தது.

பாய் ஒவ்வொரு போல்ட்டையும் முதலில் விரலால் ஏற்றினார். எத்தனை சுற்று உள்ளே போகிறது என்று நான் எண்ணினேன். ஒன்பது. இருபது போல்ட்டும் ஒன்பது சுற்று. அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. பிறகு அளவு வைத்த நீண்ட திருகியால் இறுக்கினார். சரியான இறுக்கம் வந்ததும் அது டக்கென்று சொல்லும். இருபது டக் கேட்டேன்.

“நூறு கிலோமீட்டர் ஓட்டிட்டு மறுக்கா கொண்டாங்க சார். ஒருதடவ இறுக்கம் பாத்துத் தாரேன். மறந்துராதீங்க” என்றார் முரளியிடம்.

பயத்துக்கு விடுமுறை

மறுநாள் வண்டி ஊருக்குள் கொஞ்சம் ஓடியது. ஞாயிற்றுக்கிழமை, எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்ட சம்பந்தியம்மாளையும் கூட்டிக்கொண்டு கொடைக்கானல் போவது என்று முடிவாயிற்று. இறுக்கம் பார்க்காமல் மலையேறுவதா என்றேன்.

“மேல போயிட்டு எறங்கினா நூறு தாண்டிரும்ப்பா. திங்கக்கெழம பாய்ட்ட விட்டுர்றேன். அம்புட்டுத்தான” என்றான் முரளி.

காலையில் கவிதா காப்பி கொடுக்கும்போது தணிந்த குரலில் சொன்னாள்: “மாமா, அம்மா இதுவரைக்கும் கொடைக்கானல் பாத்ததில்ல. அப்பா லாரி எத்தனையோ தடவ மலையேறியிருக்கு. அம்மா ஏறினதில்ல. இன்னைக்கு ஒரு நாள் சக்கரத்தப் பத்திப் பேசாம வாங்க மாமா. பயத்துக்கு லீவு விட்ருங்க.”

விடுகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

முரளி ஓட்டினான். கவிதா அவன் பக்கத்தில். ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் சம்பந்தியம்மாள், மடியில் புளிச்சோற்றுத் தூக்கு. இடப்பக்கம் பின்சக்கரத்துக்கு மேலாக நான்.

செம்பட்டியில் ஒண்ணுக்குப் போக வேண்டும் என்று நிறுத்தச் சொன்னேன். போகவும் செய்தேன். திரும்பி வரும்போது நான்கு சக்கரங்களையும் பார்த்துக்கொண்டே நடந்தேன். எல்லாம் இருந்த இடத்தில் இருந்தன. போல்ட்டின் இறுக்கம் கண்ணுக்குத் தெரியாது. தொட்டுப் பார்க்கலாம் என்று குனிந்தபோது கவிதா கண்ணாடியை இறக்கி, “என்ன மாமா, எதையாச்சும் கீழ போட்டுட்டீங்களா?” என்றாள். குறும்பாகச் சிரித்தாள். “செருப்பு வார்” என்று சொல்லி ஏறிக்கொண்டேன்.

சம்பந்தியம்மாள் சன்னலோடு ஒட்டி உட்கார்ந்திருந்தார். வயல்களுக்கு அப்பால் மலை நீலமாகத் தெரியத் தொடங்கியது. “அந்த உச்சிக்கா மாப்ள போறோம்? மேகத்துக்குள்ளயே போயிருது பாருங்க” என்று பள்ளிக்கூடப் பிள்ளைபோல் கேட்டுக்கொண்டே வந்தார்.

காலுக்குத் தெரிந்தது

வத்தலக்குண்டு பேருந்து நிலைய நெரிசலைத் தாண்டி, சாலை விரிந்ததும் முரளி ஒரு அழுத்து அழுத்தினான். முதுகு இருக்கையில் ஒட்டிக்கொண்டது.

அப்போதுதான் அது தொடங்கியது. முதலில் சத்தமாக இல்லை. என் காலடியில் ஓர் அதிர்வாக வந்தது.

நூற்பு எந்திரத்தில் நூலை முறுக்கிச் சுற்றும் கதிர்கள் நூற்றுக்கணக்கில் ஒன்றாகச் சுழலும். அதில் ஒரே ஒரு கதிர் ஆட்டம் கண்டால் காதுக்குத் தெரியாது. செருப்பின் வழியே காலுக்குத் தெரியும். அந்த மாதிரி ஒரு சுழற்சிக்கு ஒரு தட்டு. வேகம் கூடினால் நெருங்கி வந்தது. வேகம் குறைந்தால் விலகி வந்தது. சாலையின் மேடு பள்ளமாக இருந்தால் அது வேகத்தோடு சேர்ந்து மாறாது.

வாயைத் திறந்தேன். கவிதாவுக்குக் கொடுத்த வாக்கு நினைவுக்கு வந்தது. மூடிக்கொண்டேன்.

எனக்கு வந்த பயத்தை எப்படிச் சொல்வது? சாவைப் பற்றிய பயம் மட்டும் இல்லை. எதற்கெடுத்தாலும் கத்தியவன், கத்த வேண்டிய நேரத்தில் தன் குரலுக்கு மதிப்பில்லை என்று அறிந்துகொண்ட பயம். பதினொண்ணு, பன்னிரண்டு என்று எண்ணிச் சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள். முன்னால் மலை பெரிதாகிக்கொண்டே வந்தது. முதல் கொண்டை ஊசி வளைவு வர இன்னும் சில நிமிடங்கள். வளைவில் வண்டி திரும்பும்போது பாரம் முழுக்க ஒரு பக்கத்துச் சக்கரங்களில் இறங்கும். அப்புறம் ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம்.

“முரளி, ஏதோ ஆடுதுப்பா.”

“ரோடு அப்படிப்பா.”

“ரோடு இல்லடா.”

“அப்பா…” என்று அவன் இழுத்தான். கவிதா திரும்பி என்னைப் பார்த்தாள். மாமா, வாக்குக் கொடுத்தீர்களே என்று அந்தப் பார்வை சொல்லியது. நான் இரண்டு கைகளையும் முழங்காலில் வைத்து அழுத்திக்கொண்டேன். அப்படியும் கை நின்றபாடில்லை.

“மாப்ள, நிறுத்துங்க!” என்றார் சம்பந்தியம்மாள். “எனக்குக் கொமட்டிக்கிட்டு வருது. ஓரமா நிறுத்துங்க.”

முரளி உடனே ஓரங்கட்டினான். மாந்தோப்பின் வேலியோரம். சம்பந்தியம்மாள் இறங்கிப் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு குனிந்து நின்றார். நானும் இறங்கி அவர் பக்கம் போனேன்.

அவர் வாந்தி எடுக்கவில்லை.

“எனக்கு ஒண்ணுமில்லீங்க” என்று முணுமுணுத்தார். “உங்க கை அப்படி நடுங்கி நான் பாத்ததில்லீங்க. போயி என்னன்னு பாருங்க.”

இரண்டு விரல்

இடப்பக்கப் பின்சக்கரத்தின் முன்னால் உட்கார்ந்தேன். வயது எழுபத்து நான்கு. உட்கார்ந்தால் எழுவது கடினம். சக்கரத்திலிருந்து சூடு முகத்தில் அடித்தது. மேலே இருந்த போல்ட்டை இரண்டு விரலால் பிடித்துத் திருப்பினேன்.

திரும்பியது.

பக்கத்துப் போல்ட்டும் திரும்பியது. மூன்றாவது கொஞ்சம் முரண்டு பிடித்தது. மற்ற இரண்டையும் தொட எனக்குத் தைரியம் வரவில்லை.

“முரளி, இங்க வா.”

“என்னப்பா, அத்தைக்கு முடியலைங்கிறாங்க, நீங்க அங்க போயி…”

“வா.”

வந்து உட்கார்ந்தான். அவன் கையைப் பிடித்துப் போல்ட்டின் மேல் வைத்தேன். திருப்பினான். விரலோடு வந்தது. இன்னொரு தடவை திருப்பினான். பிறகு கையை எடுத்துவிட்டு, நாங்கள் போகவிருந்த சாலையை அப்படியே பார்த்துக்கொண்டிருந்தான்.

கவிதா சன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, “மாமா, இன்னைக்கு லீவுன்னு சொல்லிட்டு இது எத்தனையாவது…” என்றவள், கணவனின் முகத்தைப் பார்த்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. கதவைத் திறந்து இறங்கினாள்.

முரளி ரபீக் பாய்க்குப் போன் போட்டான். கை தவறி ஒலிபெருக்கியில் பட்டுவிட்டது. எல்லோருக்கும் கேட்டது.

“யாரும் வண்டிக்குள்ள உக்காராதீங்க சார். ஒரு அடி நகத்தாதீங்க. நான் பொறப்பட்டு வாரேன்” என்றார். பிறகு அவரே தொடர்ந்தார். “சார், அந்தச் சந்தனம். தொடைக்கணும்னு எனக்குத் தெரியும். அம்மா எதிர்ல நின்னாங்க. அவங்க சாமிக்கு வச்சத நான் எப்படித் தொடைக்கிறதுன்னு விட்டுட்டேன். தப்புத்தான் சார்.”

சம்பந்தியம்மாள் கேட்டுக்கொண்டு நின்றார்.

யார் துடைப்பது

பாய் வரும்வரை சும்மா இருக்க முரளியால் முடியவில்லை. வண்டியிலிருந்த ஜாக்கியை எடுத்து முட்டுக் கொடுத்தான். பின்சக்கரம் மேலே எழும்பியது. போல்ட்டுகளைக் கழற்றிச் சக்கரத்தை இழுத்ததும், பழுப்பு மாவு ஒரு கைப்பிடி தரையில் கொட்டியது.

தட்டின் முகத்தில் திருநீறும் சந்தனமும் குங்குமமும் பிரேக் சூட்டில் காய்ந்து கருகியிருந்தன. சில இடத்தில் இன்னும் சில்லுச் சில்லாக ஒட்டிக்கொண்டிருந்தன. சில இடத்தில் நொறுங்கிப் போய் அலுமினியம் தெரிந்தது. பட்டறையில் அது கெட்டியாக இருந்தபோதுதான் அந்த இருபது டக்கும் கேட்டன.

முரளி துணியை எடுத்தான். எடுத்தவன் நிறுத்தினான். மாமியாரை ஒரு பார்வை பார்த்தான்.

“பாய் வரட்டும் அத்தை” என்றான்.

“பாயி எதுக்குங்க மாப்ள? நான் வெச்சது. நானே எடுக்கறன்.”

துணியை வாங்கவில்லை. மண்ணில் முழங்காலிட்டு உட்கார்ந்தார். தூக்கோடு கொண்டு வந்திருந்த தண்ணீரைத் தட்டில் ஊற்றி, தன் புடவைத் தலைப்பால் அழுத்தித் துடைத்தார். நகத்தால் சுரண்டினார். மஞ்சள் புடவை. தலைப்பு முழுக்கக் கறுப்பாயிற்று. கோயில் வாசம் போய்க் கருகல் வாடைதான் வந்தது.

துடைத்துக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் கேட்டார்: “ஏனுங்க சம்பந்தி, அன்னைக்கே நீங்க சொன்னீங்கல்லங்க?”

“சொன்னேன்.”

“இன்னுங் கொஞ்சம் சத்தமாச் சொல்லியிருக்கலாமுங்க.”

நாளுக்குப் பத்து முறை சொல்கிறவனுக்குச் சத்தமாகச் சொல்வது என்று தனியாக ஒன்று கிடையாது.

“அடுத்ததக் கழட்டுங்க மாப்ள” என்றார்.

மூன்றாவது சக்கரத்தில் இருக்கும்போது ரபீக் பாய் தன் பழைய வேனில் வந்து இறங்கினார். சம்பந்தியம்மாள் தரையில் உட்கார்ந்து சுரண்டுவதைப் பார்த்ததும் அவர் முகம் சுருங்கிவிட்டது. “அம்மா, நீங்க எந்திரிங்கம்மா” என்றார். “இருங்க பாய், இது முடியட்டும்” என்றார் அவர். இரண்டு பேரும் ஒருவரையொருவர் நேராகப் பார்த்துக்கொள்ளவில்லை. நான்காவது தட்டை இருவரும் சேர்ந்து துடைத்தார்கள். அந்த அம்மாள் தண்ணீர் ஊற்ற, அவர் தேய்த்தார்.

மூன்று போல்ட்டுகளில் மரை நசுங்கியிருந்தது. பாய் மாற்றுப் போல்ட் கொண்டு வந்திருந்தார். எல்லாவற்றையும் விரலால் ஏற்றி, அளவுத் திருகியால் இறுக்கினார். தானே சற்றுத் தூரம் ஓட்டிப் போய்த் திரும்பி வந்து, மறுபடியும் இறுக்கம் பார்த்தார்.

“இப்ப சுத்தமா இருக்கு ஐயா. என் பிள்ளைய இதுல ஏத்தி அனுப்புவேன். தைரியமா மேல போகலாம்” என்றார். முரளியிடம் சொல்லவில்லை. என்னிடம் சொன்னார்.

என்னைக் கேட்டார்கள்

பாயின் வேன் போன பிறகு வேலியோரம் நாங்கள் நால்வரும் நின்றோம். வெயில் ஏறியிருந்தது. மேலே மலையின் முகட்டில் மேகம் இறங்கிக் கொண்டிருந்தது.

“நீங்க சொல்லுங்கப்பா” என்றான் முரளி. “மேல போவமா, திரும்புவமா?”

இந்த வீட்டில் யாரும் என்னிடம் இப்படிக் கேட்டதில்லை. என் மனைவி இருந்தபோதுகூட, “அவுகளக் கேட்டா பேப்பர்காரன்கூட வாசலுக்கு வர முடியாது” என்பாள். நான் பயப்படுவேன், அவர்கள் போய்விடுவார்கள், ஒன்றும் ஆகாது, சாப்பாட்டில் சிரிப்பார்கள். என் பயத்துக்கு எந்தப் பொறுப்பும் இல்லாமல் இருந்தது.

இப்போது மூன்று பேர் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாய் சொன்னது சரி. வண்டி சரியாகத்தான் இருக்கிறது. நான் போகலாம் என்று சொல்லி ஏதாவது ஆகிவிட்டால்? வேண்டாம் என்று சொல்லி, இந்த அம்மாள் இந்த மலையைப் பார்க்காமலே போய்விட்டால்?

“திரும்பிரலாம்” என்றேன்.

யாராவது மறுப்பார்கள் என்று எதிர்பார்த்தேன். என்ன மாமா நீங்க, என்று கவிதா தொடங்குவாள் என்று நினைத்தேன். அவள், “சரி மாமா” என்றாள். சம்பந்தியம்மாள் ஒரு தடவை தலையைத் தூக்கி மலையைப் பார்த்தார். பிறகு தூக்கை எடுத்துக்கொண்டு ஏறினார்.

வேலியோரத்து நிழலிலேயே புளிச்சோற்றைச் சாப்பிட்டிருக்கலாம். யாருக்கும் தோன்றவில்லை.

முரளி முப்பதைத் தாண்டவில்லை. ஐந்து நொடியில் நூறைத் தொடும் வண்டியை டிராக்டர்கள் முந்திக்கொண்டு போயின. என் காலடியில் அதிர்வு ஏதும் இல்லை. பாட்டும் போடவில்லை, பேச்சும் இல்லை.

செம்பட்டி நெருங்கும்போது அந்த மௌனத்தை என்னால் தாங்க முடியவில்லை. எதையாவது சொல்லி அவர்களைச் சிரிக்க வைக்க வேண்டும் என்று நினைத்தேன். பின்னால் வெகு தூரத்தில் ஒரு செங்கல் லாரி வந்துகொண்டிருந்தது.

“முரளி, பின்னால லாரி ரொம்ப ஒட்டி வாரானே” என்றேன்.

சொல்லி முடிக்கும் முன்பே அவன் வண்டியை ஓரம் கட்டி நிறுத்திவிட்டான். கவிதா கதவுப் பிடியை இறுகப் பிடித்துக்கொண்டாள். சம்பந்தியம்மாள் கண்ணை மூடிக்கொண்டு ஏதோ முணுமுணுத்தார். லாரி வந்து சேர நேரமாயிற்று. ஆடி அசைந்து எங்களைக் கடந்தது. அதன் தூசி கண்ணாடியில் படிந்து அடங்கியது. அதற்குப் பிறகு சாலை வெறுமையாக இருந்தது.

வண்டி நகரவில்லை. முரளி பின்னால் பார்க்கும் கண்ணாடியில் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். போகலாம் என்று நான் சொல்வதற்காக மூன்று பேரும் காத்திருந்தார்கள்.

அந்த ஒரு சொல்லைச் சொல்ல எனக்கு வெகுநேரம் ஆயிற்று.